கோப்பு அறைக்கும் ஒரு காணிக்கை

(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



கட்டில் வாங்கக் காணிக்கை கேட்டால் மனமுவந்து கொடுக்கிறீர்கள். ஆம்புலன்சுக்குக் கேட்டாலும் கொடுக்கிறீர்கள். மருத்துவப் பதிவேட்டு அறைக்கு என்று கேட்டால் மட்டும், "ஐயா, அங்கே நோயாளி யாரும் இல்லையே" என்று சிலர் தயங்குவதுண்டு. அந்த அறையில் நடக்கிற வேலையைப் பற்றித்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

நோயாளி வீடு திரும்பிய பின் அவருடைய கோப்பு அங்கே போகிறது. மருத்துவர் எழுதியுள்ள நோய்க்குரிய குறியீட்டை, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் தேடி ஊழியர் பதிகிறார். பல மருத்துவமனைகள் இன்னும் பயன்படுத்தும் பத்தாம் பதிப்பில், இரண்டாம் வகை நீரிழிவுக்கு ஈ 11 என்று பெயர். அதனால் சிறுநீரகம் கெட்டிருந்தால் ஈ 11.2, கண் கெட்டிருந்தால் ஈ 11.3, காலில் இரத்த ஓட்டம் குறைந்திருந்தால் ஈ 11.5. அறுவை சிகிச்சைகளுக்கும் தனிக் குறியீடுகள் உண்டு.

இவற்றைத் தனித்தனியே எண்ணினால் சிறுசிறு தொகைகளாகவே தெரியும். கண் பிரிவில் சிலர், கால் எடுக்கப்பட்டவர் சிலர். எல்லாரையும் ஒரே தொகுதியில் சேர்த்துப் பார்க்கும்போதுதான், கால் புண்ணாகும் முன்பே கிராமத்துக்குப் போய்ச் சர்க்கரை பார்த்திருக்க வேண்டும் என்பது விளங்குகிறது.

இது புதிய யோசனை அல்ல. கிரிமியப் போரில் பணிசெய்த புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், படைவீரரின் மரணங்களை மூன்று தொகுதிகளாக்கி 1858இல் வரைபடமாக வெளியிட்டார்: தடுக்கக்கூடிய நோய்கள், போர்க்காயங்கள், மற்றக் காரணங்கள். காயத்தால் மாண்டவரைவிட நோயால் மாண்டவர் பன்மடங்கு என்பதை அந்தப் படம் காட்டியது. எல்லா மருத்துவமனைகளும் ஒரே முறையில் கணக்கு வைக்கவேண்டும் என்ற திட்டத்தை 1860இல் இலண்டனில் கூடிய புள்ளியியல் மாநாட்டுக்கும் அளித்தார்.

பிற்காலத்தில் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு அமைப்பு, 14,000க்கு மேற்பட்ட நோய்க் குறியீடுகளை 285 தொகுதிகளாகவும், ஏறக்குறைய 3,900 சிகிச்சைக் குறியீடுகளை 231 தொகுதிகளாகவும் அமைத்தது. 2015இல் அந்நாடு பத்தாம் பதிப்புக்கு மாறியபோது நோய்க் குறியீடுகள் ஏறத்தாழ 70,000 ஆயின. அவற்றுக்கான புதிய முறையில் தொகுதிகள் 500க்குச் சற்று மேல். அதில் ஒரே குறியீடு ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் வரலாம். நீரிழிவால் விழித்திரை கெட்டவர் நீரிழிவிலும் எண்ணப்படுவார், கண் நோயிலும் எண்ணப்படுவார்.

ஆனாலும் இரண்டு காரியங்களை மறக்கக்கூடாது. எப்படிப் பிரித்தாலும் "பிற" என்று ஒரு தொகுதி மிஞ்சும். அரிய நோயுள்ளவர் அங்கே போய்ச் சேருகிறார். பெரிய தொகுதிகளுக்கே பணம் ஒதுக்கினால் அவர் விடுபட்டுப்போவார். அடுத்து, கோப்பில் வெறுமனே "காய்ச்சல்" என்று எழுதியிருந்தால், அது மலேரியாவா எலிக்காய்ச்சலா என்று எந்தத் தொகுப்பு முறையும் சொல்லாது. கோப்பை எடுத்துக்கொண்டு மருத்துவரிடமே திரும்பப் போய், "டாக்டர், இது என்ன காய்ச்சல்?" என்று கேட்கிற பயிற்சி பெற்ற ஊழியர் வேண்டும்.

அப்படிப்பட்ட ஊழியரின் பயிற்சிக்கும் சம்பளத்துக்கும்தான் உங்கள் காணிக்கையைக் கேட்கிறோம். அதில் உங்கள் பெயரைப் பொறித்துவைக்கக் கட்டிலோ சுவரோ இராது. ஆனால் அடுத்த ஆண்டு எந்தக் கிராமத்துக்கு எந்த மருந்தோடு போகவேண்டும் என்பதை எங்களுக்குச் சொல்வது அந்தக் கணக்குதான். ஜெபத்தோடு யோசித்துப் பாருங்கள். தேவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.