இயந்திரம் பந்தயம் கட்டினால் லாபம் யாருக்கு?



அண்மையில் தேக்கா நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் என்னைப் பார்த்த அறிமுகத்தில் ஓர் இளைஞர் வந்து அமர்ந்தார். கப்பல் பட்டறையில் வேலை. "அக்கா, இந்த மென்பொருள் விலை 500 வெள்ளி. நாம தூங்குறப்பவும் அதுவே பந்தயம் கட்டி ஜெயிக்குமாம். எப்படி ஆரம்பிக்கணும்னு சொல்லுங்களேன்" என்று கைத்தொலைபேசியை நீட்டினார். அன்று ஒரு காகிதத்தில் அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்கைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

அந்த மென்பொருளின் சூத்திரம் மிகப் பழையது. தோற்றால் பந்தயத்தை இரட்டிப்பாக்கு! 10 வெள்ளி போனால் 20, அதுவும் போனால் 40. எப்போது வென்றாலும் மொத்தத்தில் 10 வெள்ளி லாபம். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் தொடர்ந்து ஏழு முறை தோற்றால் 1,270 வெள்ளி கையைவிட்டுப் போய்விடும். 37 எண்கள் கொண்ட ரூலெட் சக்கரத்தில் சிவப்பு நிறத்தின்மீது இப்படிக் கட்டினால், ஏறக்குறைய 106 சுற்றுகளுக்கு ஒருமுறை அது நடக்கும். மற்ற 105 சுற்றுகளில் கிடைப்பது 1,050 வெள்ளி. மிச்சம் நட்டம்தான். மென்பொருள் செய்வதெல்லாம் அந்த நட்டத்தை நாம் தூங்கும்போதே முடித்துவைப்பதுதான்.

ஃபோர் டி எண்ணைக் கணித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களும் உண்டு. மொத்தம் 10,000 எண்கள், ஒவ்வொரு குலுக்கலிலும் 23 பரிசுகள். எல்லா எண்களையும் 'பிக்' முறையில் ஆளுக்கொரு வெள்ளியாக வாங்கினால் 10,000 வெள்ளி செலவு. பரிசுகள் அத்தனையும் சேர்ந்து திரும்பி வருவது 6,590 வெள்ளி. எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் வாய்ப்பு ஒன்றே. போன வாரம் விழுந்த எண் எது என்பது குலுக்கல் இயந்திரத்துக்குத் தெரியாது.

"மூன்று ஆட்டங்களின் முடிவைச் சரியாகச் சொன்னார்களே" என்றார் தம்பி. 64 பேரில் பாதிப் பேரிடம் ஓர் அணி வெல்லும் என்றும், மீதிப் பேரிடம் தோற்கும் என்றும் சொல்லுங்கள். சரியாகக் கேட்ட 32 பேரை மீண்டும் இரண்டாகப் பிரியுங்கள். மூன்றாம் ஆட்டம் முடியும்போது எட்டுப் பேர் உங்களைத் தீர்க்கதரிசி என்பார்கள். அந்த எட்டுப் பேரில் அவரும் ஒருவராக இருந்திருக்கலாம்.

சட்டத்தையும் மறந்துவிடக்கூடாது. 2015 பிப்ரவரியில் இணையச் சூதாட்டத்துக்கு எதிரான சட்டம் நடப்புக்கு வந்தது. 2022 ஆகஸ்ட் 1 முதல் அதனிடத்தில் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. இணையத்தில் பந்தயம் ஏற்க இங்கு உரிமம் பெற்றிருப்பது சிங்கப்பூர் பூல்ஸ் மட்டுமே. உரிமமில்லாத தளத்தில் பந்தயம் கட்டுபவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். "மென்பொருள்தானே கட்டியது" என்று சொல்லித் தப்ப முடியாது. ஊரில் நிலத்தை அடகு வைத்து வேலைக்கு வந்தவர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கணக்கைப் பார்த்த தம்பி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இந்தக் காகிதத்தை நான் எடுத்துக்கலாமா அக்கா? என் அறையில ஒருத்தர் கடன் வாங்கி இதை வாங்கிட்டார். வீட்டுக்கு மூணு மாசமாப் பணம் அனுப்பலை" என்றார்.

அப்படிப்பட்டவர் உங்கள் அறையிலோ வீட்டிலோ இருந்தால் திட்டாதீர்கள். திட்டினால் மறைப்பார், மறைத்தால் கடன் வளரும். தேசிய உதவித் தொலைபேசி எண் 1800-6-668-668. சூதாட்டக் கூடங்களில் நுழையாதபடி தம்மைத் தாமே தடை செய்துகொள்ளவும் வழி இருக்கிறது, குடும்பத்தாரும் விண்ணப்பிக்கலாம்.

எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டார் தம்பி. ஒரு காகிதமும் பேனாவும் எடுத்து ஆரம்பியுங்கள் என்பதே என் பதில். கணக்கை முடிக்கும்போது 500 வெள்ளி உங்கள் பையிலேயே இருக்கும்.