சத்திரச் செலவு

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனை ஊழியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஆத்தூரிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும் இந்த வெயிலில் பஸ் மாறி வந்திருக்கிறீர்கள். நீளமாகப் பேசி உங்களைச் சோதிக்கமாட்டோம். சாப்பாட்டு நேரம் எங்களுக்கும் தெரியும்.

உங்களில் பலர் கடிதத்திலும் நேரிலும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அரசாங்கமே காப்பீட்டு அட்டை கொடுக்கிறதே, ஐந்து லட்சம் வரை இலவச சிகிச்சை உண்டே, புற்றுநோயாளிகளுக்காக இன்னும் ஏன் காணிக்கை கேட்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் அட்டைக்காக தேவனைத் துதிப்போம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் தொடங்கியது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாற்றி அமைக்கப்பட்டது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் என்றானது. இதற்கு முன்பு இந்தச் சமவெளியில் புற்றுநோய் என்றால் முதலில் ஆடு போகும், பிறகு தாலிக்கொடி போகும், கடைசியில் காடு போகும். அதைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். ஆகவே அட்டையைக் குறைத்துப் பேச எங்களுக்கு வாய் வராது.

ஆனால் அட்டை பணம் கொடுக்கிறது மருத்துவமனைக்கு. வியாதிக்காரர் வீட்டிலிருந்து மருத்துவமனை வாசல் வரைக்கும் உள்ள தூரத்துக்கு அது ஒன்றும் கொடுப்பதில்லை. எந்தச் சிகிச்சை தனக்கு ஏற்றது என்றும் அது சொல்லாது.

ராசிபுரம் பக்கத்துத் தாயார் ஒருவர். பெயர் சொல்ல அவர்களுக்கு விருப்பமில்லை. கிழங்கு மில்லில் நாள் கூலி. கணவர் நாமக்கல் லாரி ஓட்டுநர், வடக்கே போனால் இருபது நாளைக்கு வீடு திரும்பமாட்டார். மார்பில் நெல்லிக்காய் அளவு கட்டி. எங்களிடம் கதிர்வீச்சுக் கருவி கிடையாது. நாங்கள் பயாப்ஸி எடுக்கிறோம், சில அறுவைச் சிகிச்சைகளைச் செய்கிறோம், மற்றவர்களை உரிய இடத்துக்கு அனுப்புகிறோம். பரிசோதனையில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆரம்ப நிலை, அக்குளில் நெறிகட்டவில்லை.

இப்போது இரண்டு வழிகள். மார்பு முழுவதையும் எடுத்துவிடுவது ஒன்று. கட்டியை மட்டும் சுற்றிலும் கொஞ்சம் சதையோடு எடுத்துவிட்டு, மீதி மார்புக்குக் கதிர்வீச்சு கொடுப்பது மற்றொன்று. இரண்டிலும் ஆயுள் ஒன்றே. அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷரும் இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசியும் இருபது ஆண்டுகள் பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 2002-ல் இதை வெளியிட்டார்கள். டாக்டரம்மா இதைச் சொல்லி முடிக்கும் முன்பே நாத்தனார் குறுக்கிட்டு, "எடுத்துப் போடுங்க, வேரோட போயிரட்டும்" என்றார். அண்ணனும் அதையே சொன்னார். அந்தத் தாயார் தலை குனிந்தே இருந்தார். எல்லாரையும் வெளியே அனுப்பிய பிறகுதான், "எனக்கு எது வேணும்னு யாரும் கேக்கலைங்களே" என்றார்.

அவர்களுக்கு மார்பைக் காப்பாற்றிக்கொள்ள விருப்பம். தடையாக இருந்தது கதிர்வீச்சு. முன்பு ஐந்து வாரம் ஆனது, இப்போது பெரும்பாலும் மூன்று வாரத்தில் பதினைந்து நாள் கொடுத்தால் போதும். ஆனால் அந்தப் பதினைந்து நாளும் இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே அறை எடுத்துத் தங்கவேண்டும். மில் கூலி நின்றுவிடும். பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது? மார்பை முழுவதும் எடுத்துவிட்டால், அவருடைய நிலையில், பெரும்பாலும் கதிர்வீச்சு தேவைப்படாது. அதையே தேர்ந்துகொள்கிற பெண்கள் உண்டு, அதற்கு நல்ல காரணங்களும் உண்டு, நாங்கள் குறை சொல்வதில்லை. ஆனால் பஸ் கூலிக்காகவும் அறை வாடகைக்காகவும் ஒரு ஸ்திரீ தன் மார்பை இழப்பது எங்களுக்குச் சம்மதமில்லை. உங்கள் காணிக்கையிலிருந்து மூன்று வாரத் தங்கல் செலவும், வீட்டில் இருந்த பிள்ளைகளுக்கு அரிசி பருப்பும் கொடுக்கப்பட்டன. பதினைந்து நாளில் ஒரு நாளும் தவறவில்லை.

அட்டை சும்மா வேலை செய்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் பெயர் மாமியாருடைய குடும்ப அட்டையில் இருந்தது. குடும்ப அட்டையைச் சரிசெய்து, கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போய்ப் பதிந்து வரவேண்டியிருந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும் என்பது விதி. பட்டியலில் உள்ள மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் எல்லாச் சிகிச்சைகளும் கிடைப்பதில்லை. அறுவைச் சிகிச்சைக்கு ஒரு முன் அனுமதி, வேறிடத்தில் கதிர்வீச்சுக்கு இன்னொரு முன் அனுமதி. அனுமதி கேட்பதற்கே பயாப்ஸி முடிவு வேண்டும், அந்தச் செலவு கையிலிருந்துதான் போயிற்று. எங்கள் ஊழியர் ஒருவர் இந்தக் காகிதங்களோடு அலைவதற்கென்றே இருக்கிறார். அவருடைய வேலையும் மருத்துவ ஊழியம்தான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

பயாப்ஸியில் இன்னொன்றும் தெரியவரும். மார்பகப் புற்றுநோய்க்கு டிராஸ்டுசுமாப் என்ற ஊசியைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டு, "அதைப் போட்டால்தான் பிழைக்கலாமாம், கடன் வாங்கிவிட்டோம்" என்று வருகிறார்கள். ஹெர்-2 என்ற சோதனையில் நேர்மறையாக வருகிறவர்களுக்கு மாத்திரமே அது பயன்படும். அவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். மற்றவர்களுக்கு அந்த ஊசி வீண் செலவு. இந்தத் தாயாருக்கு அது தேவைப்படவில்லை. விலை குறைந்த டமாக்சிஃபென் மாத்திரை, தினம் ஒன்று, ஐந்து ஆண்டு.

கழுத்தறுப்பது பாதியில் நிற்கிற சிகிச்சைதான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வெளிக் கதிர்வீச்சு ஐந்து வாரம், அதோடு வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் மருந்து, பிறகு உள்ளே வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடியவேண்டும். நாள் தள்ளத் தள்ளக் குணமாகும் வாய்ப்பு குறையும். மூன்றாம் வாரத்தில் உதிரப்போக்கு நின்றுவிடும். "சரியாகிவிட்டது" என்று தறிக்குத் திரும்பிவிடுவார்கள். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறியில் நிற்கிறவருக்கு ஒரு வாரக் கூலி என்பது ஒரு வாரச் சோறு. ஈ.எஸ்.ஐ.யில் பதிவானவர்களுக்குப் புற்றுநோய் போன்ற நீண்ட வியாதிகளில் கூலியில் 80 சதவீதம் இரண்டு ஆண்டு வரைக்கும் கிடைக்க வழியுண்டு. பதிவாகாதவர்களே அதிகம் வருகிறார்கள், அவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

சபையாருக்கு மனம் நோகாதபடி ஒரு காரியம். கதிர்வீச்சை நிறுத்திவிட்டு ஜெபத்துக்கு மட்டும் வரச்சொல்லுகிற கூட்டங்கள் நம் பக்கத்திலும் நடக்கின்றன. நாங்களும் ஜெபிக்கிறவர்கள்தான். அறுவை அரங்கில் ஜெபிக்காமல் கத்தியைத் தொடுவதில்லை. ஆனால் சிகிச்சையை விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துத் திரும்பி வருகிறவருக்கு எங்களால் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். உங்கள் சபைகளில் தயவாய் இதைச் சொல்லுங்கள்.

சிகிச்சை வேண்டாம் என்று தீர்மானிக்கவேண்டிய நேரமும் உண்டு. சேந்தமங்கலம் பக்கத்துப் பெரியவர், புகைப்பழக்கம் உள்ளவர். நுரையீரலில் தொடங்கி இடுப்பெலும்புக்குப் பரவிவிட்டது. மகன்கள் இரண்டு ஏக்கர் காட்டுக்கு விலை பேசிவிட்டு வந்தார்கள். குணப்படுத்த முடியாது, வலியைத் தீர்க்க முடியும் என்று உட்காரவைத்துச் சொன்னோம். எலும்பு வலிக்குப் பத்து நாள் கதிர்வீச்சு கொடுத்தாலும் ஒரே நாளில் ஒரே தடவை கொடுத்தாலும் வலி குறைவது ஏறக்குறைய ஒரே அளவுதான். ஒரே நாளில் முடித்தோம். பிறகு மார்ஃபின் மாத்திரை. 2014-ல் போதைமருந்துச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அதைப் பெறுவது முன்னைவிடச் சுலபம். மூத்த மகன் முதலில் எங்கள்மேல் கோபப்பட்டார், "அப்பாரைக் கைவிடச் சொல்றீங்களா?" என்றார். பெரியவர் தம் வீட்டுத் திண்ணைக் கட்டிலில், பேரப்பிள்ளைகள் நடுவே, வலியில்லாமல் கண்ணை மூடினார். காடு இன்னும் அவர்கள் பெயரில் இருக்கிறது.

நல்ல சமாரியனின் உவமையை எத்தனையோ தடவை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். எண்ணெயும் திராட்சரசமும் நினைவிருக்கும். ஆனால் அவன் தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனான், சத்திரத்தில் தங்கவைத்தான், சத்திரக்காரனுக்குப் பணம் கொடுத்தான், இன்னும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். எண்ணெய்க்கும் திராட்சரசத்துக்கும் இன்று அட்டை இருக்கிறது. வாகனத்துக்கும் சத்திரத்துக்கும்தான் உங்களிடம் வருகிறோம்.

வேளையோடு வந்தால் வழிகள் அதிகம், செலவும் குறைவு. திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையாரும் சேர்ந்து நடத்திய ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி பெற்ற நர்சுகள் கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற அமிலக் கரைசலைத் தடவி, வெறுங்கண்ணால் பார்த்தார்கள். அவ்வளவுதான். 2007-ல் வெளியான முடிவில், அந்தக் கிராமங்களில் இந்தப் புற்றுநோயால் ஏற்பட்ட மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. உங்கள் மாதர் சங்கம் ஒரு நாள் குறித்தால் எங்கள் நர்சுகள் வருவார்கள்.

தனியார் காப்பீடு வைத்திருக்கிற உங்களுக்காகவும் இரண்டு வார்த்தை. பாலிசி எடுக்கும்போது பழைய வியாதியை மறைக்காதீர்கள். 2024 ஏப்ரலிலிருந்து அதற்கான காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. ஆகவே மறைப்பதில் லாபமில்லை, மறைத்தது தெரிந்தால் முழுவதும் போகும். தேதியை மாற்றி எழுதித்தரும்படி எங்கள் மருத்துவர்களைக் கேட்கவும் வேண்டாம். கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே தீராவிட்டால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அவரிடம் முறையிடக் கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம்.

இனி எங்கள் தேவை. வேலூருக்கோ சென்னைக்கோ சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் இரண்டாம் வகுப்புப் படுக்கையில் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. ஆகவே பயணத்துக்கு நாங்கள் கேட்பது அதிகமில்லை. முதல் பரிசோதனைகள், தங்கும் அறை, வீட்டில் இருக்கிறவர்களின் சாப்பாடு, இவற்றுக்கே காணிக்கை செலவாகிறது. பணத்தைவிட எங்களுக்குக் குறைவாயிருப்பது கூடப் போகிற மனிதர்கள். சென்னை ஸ்டேஷனில் இறங்கி எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் திரும்பி வந்தவர்கள் உண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். விண்ணப்பம் நிரப்பவும் வரிசையில் நிற்கவும் உங்களுக்குத் தெரியும். பெயர் எழுதும் நோட்டு சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் சிஸ்டரிடம் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை மூன்று பேர் புறப்படுகிறார்கள். இரண்டு பேருக்குத் துணை கிடைத்துவிட்டது.