கடல் நடுவே குடிநீர்

1942 நவம்பரில், அட்லாண்டிக் கடலில் ஒரு பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. அதில் வேலை பார்த்த பூன் லிம் என்ற சீன இளைஞர் ஒரு மரத் தெப்பத்தில் ஏறித் தப்பினார். தன்னந்தனியாக 133 நாள் கடலில் உயிரோடு இருந்தார். எல்லாம் அதிர்ஷ்டம் என்பார்கள். தெப்பம் கிடைத்தது அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்த பிஸ்கட்டும் தண்ணீரும் தீர்ந்த பிறகு அவரைக் காத்தது அவருடைய உழைப்பு. கித்தான் துணியில் மழைநீர் பிடித்தார். டார்ச் விளக்கின் கம்பியைத் தூண்டில் முள்ளாக வளைத்தார். மீன் பிடித்துக் காயவைத்தார்.

சுற்றிலும் தண்ணீர் இருக்க, மழைக்கு ஏன் காத்திருந்தார் என்று கேட்பீர்கள். கடல்நீர் தாகத்தைத் தீர்க்காது, கூட்டும். உப்புப் போட்ட மாங்காய் நீர் விடுமே, அப்படித்தான் உப்பு உடம்பின் நீரை இழுக்கிறது. அந்த உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிக நீரைச் சிறுநீரகம் செலவழிக்கிறது. கொஞ்சமாகக் குடித்தால் என்ன? கொஞ்சம் குடித்தாலும் நஷ்டம்தான். மழைநீரை நம்பிய பூன் லிம்மை 1943 ஏப்ரலில் பிரேசில் மீனவர்கள் மீட்டபோது, அவர் தம் காலாலேயே நடந்தார். கடலுக்குப் போகும் நேயர்களே, படகில் நல்ல தண்ணீரைக் கூடுதலாகவே வையுங்கள். எந்த நிலையிலும் கடல்நீரைக் குடிக்காதீர்கள்.