குழிக்குள் நின்றவரின் சொல்



நினைவுப் பொழிவுக்கு ரம்பத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும், ‘ரம்பம் போட்டுடாதீங்க அண்ணே’ என்றார் அமைப்புத் தோழர் ஒருவர். சலிப்பூட்டும் பேச்சுக்கு ரம்பம், அறுவை என்று பெயர் வைத்தவர்கள் மரம் அறுத்துப் பிழைத்தவர்களாக இருக்க முடியாது.

வாள் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் போர்வாளும் அதுதான், ஈர்வாளும் அதுதான். குமரி மாவட்டத்திலும் ஈழத்திலும் மரம் அறுப்பதை இன்றும் வாள் என்பார்கள். ஆனால் வாள் என்றதும் நமக்கு மன்னன் கைதான் நினைவுக்கு வருகிறது.

அகநானூற்றின் 24ஆம் பாடலில் வாளரத்தால் சங்கு அறுத்து வளை செய்யும் பார்ப்பான் ஒருவன் வருகிறான். அவனை ‘வேள்வி செய்யாதவன்’ என்று சொல்லித்தான் ஆவூர் மூலங்கிழார் அறிமுகப்படுத்துகிறார். கருவி பிடித்தவனுக்குச் சடங்கில் இடமில்லை என்ற கணக்கு அப்போதே இருந்தது என்று நான் வாசிக்கிறேன். நீங்கள் மறுக்கலாம்.

மில்கள் வருமுன் பெரிய மரத்தைக் குழிக்கு மேல் கிடத்தி, ஒருவர் மேலே, ஒருவர் உள்ளே நின்று அறுப்பார்கள். ஒரு பல்லை இடப்பக்கம், அடுத்ததை வலப்பக்கம் என்று சற்றே மடக்கியிருப்பார்கள். அறுப்பு வழி தகட்டைவிட அகலமானால்தான் ரம்பம் இறுகாது. பல் கீழ்நோக்கி வெட்டும். மேலே நிற்பவர் கோடு பார்த்து ரம்பத்தைத் தூக்கித் தருவார். அதுவும் லேசான வேலையில்லை. மரம் அறுபடுவது கீழே இழுக்கும்போதுதான். தூள் முழுக்க இழுப்பவர் தலையில், கண்ணில், வாயில். என் பெரியப்பா கீழே நின்று இழுத்தவர். அவர் அறுத்த மரம் நிலைப்படியான வீடுகளுக்குள் அவர் நுழைந்ததில்லை. கூலியைத் திண்ணைக்கு வெளியே நின்றுதான் வாங்கினார்.

தொழிற்சொல் சேகரிக்கப் போகும் மாணவர்கள் பெரும்பாலும் ஆசாரியிடம் கேட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குழிக்குள் நின்றவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். தூளுக்கு எதைத் தலையில் கட்டினார்கள், அதற்கு என்ன பெயர், ரம்பம் இறுகினால் மேலே எப்படிக் குரல் கொடுத்தார்கள், கூலியை எப்படிப் பிரித்தார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள்.