ஆற்றுக்குக் காவல் குடிகளே

(திருவேங்கடத்தில் ஊர்ப் பொதுக்கூட்டமொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பொருநையைக் காப்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பொருநை எங்கே, திருவேங்கடம் எங்கே? ஆற்றங்கரையில் இல்லாத ஊரில் ஆற்றைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் தம் வீட்டுக் குடத்தை எட்டிப் பார்க்கட்டும். சங்கரன்கோவிற் பக்கத்து ஊர்களுக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் வழியே வந்து சேர்வது பொருநை நீரே. நம் பக்கத்து வைப்பாறும் அதன் கிளையாகிய நிட்சேப ஆறும் மழை பெய்தால் ஓடும், பொய்த்தால் காயும். ஆகவே, கரையில் வாழ்வோர்க்கு மட்டுமன்று, அந்நீரைப் பருகும் ஒவ்வொருவர்க்கும் பொருநையிடம் கடன் உண்டு. உண்ட வீட்டுக்கு ஊறு வருங்கால் வாளா இருப்பது தமிழன் பண்பன்று.

பொதிகையிற் பிறந்து, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலிற் கடல் சேர்வது பொருநை. பிறப்பதும் நம் மண்ணில். கடல் புகுவதும் நம் மண்ணில். மேலே அண்டை நாட்டார் அடைத்துவிட்டார் என்று இவ்வாற்றுக்கு நாம் பிறர்மேற் குறை கூற இயலாது. இது வாழ்ந்தாலும் நம்மால், மாண்டாலும் நம்மால். இதன்மேல் எட்டு அணைக்கட்டுகள் உள. அவற்றுள் ஏழு, வெள்ளையர் வருமுன்பே நம்மவர் கட்டியவை. இதன் கரைப்பகுதியில் உள்ள சிவகளையில் தாழியொன்றில் கிடைத்த நெல்லை ஆய்ந்து, அது கி.மு. 1155 ஆம் ஆண்டினது என்று 2021 இல் அரசு அறிவித்தது. மூவாயிரம் ஆண்டுகட்கு மேலாக நமக்குச் சோறிட்ட ஆறு இது. நம் முன்னோர் அதனைப் பொருநை என்றனர்; அரசுத் தாள்களிலோ தாமிரபரணி என்றே நிற்கிறது. பெயரை இழந்தோம், இப்போது நீரையும் இழக்கும் நிலையில் நிற்கிறோம்.

முதற்கேடு மணற்கொள்ளை. மணல் வெறும் கட்டடப் பொருள் அன்று. வெள்ளம் வருங்கால் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, வறண்ட நாளில் சிறிது சிறிதாகக் கசியவிடும் களஞ்சியம் அது. மணலை அள்ளினால் ஆற்றின் படுகை தாழும். படுகை தாழ்ந்தால் கால்வாயின் தலைமடை மேலே நிற்க, நீர் கீழே ஓடும். கரையோரக் கிணறுகளும் வற்றும். இக்கொடுமையைக் கண்டு வழக்குத் தொடுத்தவர், திருவைகுண்டத்திற் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு அவர்கள். 85 அகவையில் தாமே மன்றத்தில் நின்று வழக்குரைத்தார். உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை 2010 இல், பொருநையில் ஐந்தாண்டுகட்கு மணல் அள்ளத் தடை விதித்தது. கொள்கை எதுவாயினும் ஆகுக; ஆற்றுக்காக நின்ற அம்முதியவரை வணங்குவோம்.

இரண்டாவது கேடு நீர் விற்பனை. கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் அயல்நாட்டுக் குளிர்நீர் அடைக்கும் நிறுவனங்களுக்கு, 1000 இலிட்டர் பொருநை நீர் 37 உருபா 50 காசுக்குத் தரப்பட்டது. இலிட்டருக்கு நான்கு காசுகூட இல்லை! மக்கள் கிளர்ந்தனர், வழக்கும் தொடுத்தனர். 2016 நவம்பரில் இடைக்காலத் தடை கிடைத்தது. 2017 மார்ச்சு முதல் நாள், தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் அக்குளிர்நீர்ப் புட்டிகளை விற்க மாட்டோம் என்றன. மறுநாளே வழக்குத் தள்ளுபடியாகி, நீர் தரும் தடை நீங்கிற்று.

அவ்வழக்கில் ‘உபரி நீர்’ என்றொரு சொல் நின்றது. தமிழாசிரியன் ஆதலால் அச்சொல்லை எடுத்துப் பார்க்கிறேன். உபரி என்பது வடசொல். நாம் மிகை என்போம். மிகையாவது, தேவை நிறைந்தபின் எஞ்சுவது. யாருடைய தேவை நிறைந்தது? 2016 இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து உழவன் வானைப் பார்த்து நின்றானே, அவன் தேவை நிறைந்ததா? கடைமடைக் குளங்கள் நிறைந்தனவா? கழிமுகத்தில் உப்புநீர் உள்ளேறாமல் எதிர்த்துத் தள்ளுவதற்கும் ஆற்றுநீர் வேண்டுமே, அதை அளந்தவர் யார்? விளங்காத சொல்லால் எழுதினால் மக்கள் கேள்வி கேட்க மாட்டார்கள். ‘உங்கள் தேவைக்கு மிஞ்சியதைத்தான் விற்கிறோம்’ என்று தமிழில் எழுதியிருந்தால், எழுத்தறியாப் பாட்டியும் ‘எனக்கு எங்கே மிஞ்சியது?’ என்று கேட்டிருப்பாள். மொழியைக் காப்பதும் நீரைக் காப்பதும் ஒன்றென்று நான் கூறுவது இதனால்தான்.

மூன்றாவது கேடு சாக்கடை. நெல்லை மாநகரின் கழிவு ஆற்றிற் கலப்பது பற்றிய வழக்கில், 2024 நவம்பரில் தீர்ப்பாளர் இருவர் ஆற்றங்கரைக்கே நேரில் வந்து பார்த்தனர். மன்றமே எழுந்து கரைக்கு வர வேண்டியிருந்ததென்றால், கரையிலிருந்த நாம் எங்கே போயிருந்தோம்?

பொறுத்துக் கொண்டிருந்தால் என்ன ஆகும்? கொங்குநாட்டு நொய்யலைப் பாருங்கள். உழவுக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிற்று. அணையைத் திறவுங்கள் என்று வேண்ட வேண்டிய உழவர்களே, திறவாதீர்கள் என்று மன்றாடும் நிலை வந்தது. உழவர் அமைப்பினர் ஆண்டுக்கணக்காக வழக்காடினர். 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூட மன்றம் ஆணையிட்டது. தீர்ப்பு வந்தது, மண்ணில் ஏறிய உப்பு தீர்ப்பைக் கேட்டு இறங்கிவிடுமா? கெட்டபின் வெல்வதினும் கெடாமற் காப்பதே அறிவுடைமை.

அன்பர்களே, இவற்றிலிருந்து நான் கற்ற பாடம் ஒன்றே. தீர்ப்பு ஆற்றைக் காப்பதில்லை. தீர்ப்பைக் காக்கும் மக்களே ஆற்றைக் காக்கிறார்கள். ஐந்தாண்டுத் தடைக்கு ஐந்தாண்டும் இரவுக்காவல் வேண்டும். விற்கமாட்டோம் என்று ஒருநாள் கூறிய கடையில் ஆண்டு முழுதும் விற்காமை வேண்டும். பழைய நாளில் ஏரியும் வாய்க்காலும் ஊராரின் கையில் இருந்தன. மடையைத் தூர்வாராத குடும்பத்தை ஊர் கேள்வி கேட்டது. ஆங்கிலேயர் 1858 இல் அவ்வூர்ப்பணியைச் சட்டத்தால் கட்டாயமாக்கினர். நம் பணி அவர்கள் ஆணை ஆயிற்று. அதன்பின் நீர்நிலை அரசினுடையது, நமக்கென்ன என்னும் எண்ணம் வேரூன்றியது. அவ்வேரைப் பிடுங்க வேண்டும்.

எங்கே தொடங்குவது? இங்கேயே தொடங்குவோம். நம் கண்மாய்களின் வரத்துக்கால்களை நடந்து பாருங்கள். எங்கே அடைப்பு, எங்கே கழிவு, எங்கே மணற்குழி என்று நாளும் இடமும் குறித்து நல்ல தமிழில் எழுதுங்கள். மாணவர்களே, அவ்வேட்டை நீங்கள் எழுதினால் அதனினும் சிறந்த கட்டுரை எதுவுமில்லை. சுற்றுச் சிற்றூர்களில் 2022 முதல் மார்ச்சு 22 ஆகிய உலக நீர் நாளிலும் ஊரவை கூடுகிறது. அங்கே அவ்வேட்டைப் படியுங்கள், தீர்மானமாக்குங்கள். பொருநைக் கரையினர் போராடும்போது, ‘உங்கள் நீரைக் குடிக்கும் நாங்களும் வந்தோம்’ என்று திருவேங்கடத்தார் பத்துப்பேராவது போய் நில்லுங்கள். கரையூராரின் வழக்கு அன்றுதான் நாட்டின் வழக்காகும்.

வள்ளுவப் பெருந்தகை வாழ்த்தை அடுத்து மழையை வைத்தார். நாமும் நம் தொண்டில் மொழியை அடுத்து நீரை வைப்போம். குடம் ஏந்தும் கை காவலுக்கும் எழுக!