லாரி ஏறி வந்த வள்ளங்கள்

வெள்ளம் வந்தால் கப்பல் வரும் என்று நாம் நினைக்கிறோம். வராமலில்லை. 2004 டிசம்பர் 26ல் ஆழிப்பேரலை அடித்தபோது இந்தியக் கடற்படைக் கப்பல்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேஷியாவுக்கும் போயின. கடலின் ஆழத்தை அளப்பதற்கென்று கட்டிய நிருபக், ஜமுனா என்ற இரு கப்பல்களை ஆஸ்பத்திரிக் கப்பல்களாக மாற்றி அனுப்பினார்கள். ரோடும் பாலமும் போய்விட்ட ஊருக்குக் குடிநீர், மருந்து, டாக்டர் எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டு சேர்க்கக் கப்பலை விட்டால் வேறு வழி ஏது?

ஆனால் கப்பல் கடலோடு நின்றுவிடும். ஊர் நடுவே கூரைமேல் நிற்பவனை யார் இறக்குவது?

2018 ஆகஸ்டில் கேரளத்தில் நடந்ததைக் கேளுங்கள். பம்பையும் பெரியாறும் கரை மீறின. செங்கன்னூரிலும் ஆலுவாயிலும் ஜனங்கள் மாடியில் சிக்கிக்கொண்டார்கள். கொல்லம், திருவனந்தபுரம் கரை மீனவர்கள் வள்ளத்தையும் எஞ்சினையும் லாரியில் ஏற்றிக்கொண்டு ராவோடு ராவாகப் புறப்பட்டார்கள். நீரின் இழுப்பைப் பார்த்த மாத்திரத்தில் அளந்துவிடுகிறவர்கள் அவர்கள். தண்ணீருக்கடியில் எங்கே மதில், எங்கே கிணறு என்பது மட்டும் தெரியாது. அதற்கு உள்ளூர் வாலிபர்கள் கூடவே ஏறி வழி காட்டினார்கள். சுமார் 670 வள்ளங்கள், 4,500 மீனவர்கள். கரை சேர்த்த உயிர்கள் 65,000க்கு மேல் என்பது கணக்கு. நாளைக்கு 3,000 ரூபாய் தருவதாகச் சர்க்கார் அறிவித்தது. வேண்டாம் என்றவர்களும் உண்டு. நம்மைக் கேட்டால், வாங்குவதில் வெட்கமே இல்லை என்போம். வள்ளம் உடைந்தால் மறுநாள் அவன் வீட்டில் அடுப்பு எரியாது.

இந்த மீனவர்கள் எப்படிப்பட்ட வருஷத்தைத் தாண்டி வந்தவர்கள்? 2017 நவம்பர் 30ல் ஒக்கி புயல் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கரைகளில் எத்தனையோ வீடுகளை இருட்டாக்கியது. சில நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போனவர்களுக்குக் கரையில் சொன்ன எச்சரிக்கை எட்டவில்லை. கைபேசிக் கோபுரம் அத்தனை தூரம் பேசாது. காணாமற்போனவர்களைத் தேடச் சொல்லிக் குழித்துறையில் மீனவக் குடும்பங்கள் ரயில் பாதையில் உட்கார்ந்தன. பூந்துறை மீனவர்கள் காத்திராமல் தாங்களே வள்ளம் ஏறித் தேடப் போனார்கள்.

ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, தோழர்களே! கேரளத்தில் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தது இந்தக் கரையின் ஜனங்கள்தான்.

ஆகவே நாம் கேட்பது இது: எந்தக் குப்பத்தில் எத்தனை வள்ளம், அதை ஏற்றுவது யார் லாரி, எண்ணெய் யார் பொறுப்பு, உடைந்தால் நஷ்ட ஈடு எவ்வளவு, எத்தனை நாளில் என்பதையெல்லாம் மழைக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். ஆழ்கடல் போகும் ஒவ்வொரு படகிலும் கரையோடு பேசும் கருவி இருக்க வேண்டும். ஐப்பசி மழை தொடங்குமுன் கூடும் கிராமசபையில் இதை எழுப்புங்கள். மீனவத் தோழர்களையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.