மனநிறைவைத் தருவது அன்றாட வசதிகளே!

நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! 'இந்த அம்மா என்ன சொல்லிடப் போறாங்க' என்று சிரித்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! அரங்கத்திலும் அவரவர் வீட்டுக் கூடத்திலும் அமர்ந்து கேட்கிற அன்புப் பெருமக்களே!

'கப்பல் சுற்றுலாவில் மனநிறைவைத் தருவது ஆடம்பர வசதிகளா? அன்றாட வசதிகளா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு கப்பலையே கொண்டுவந்து இந்த மேடையில் நிறுத்திவிட்டார். ராயல் கரீபியன் கம்பெனியின் 'ஐகான் ஆஃப் த சீஸ்'. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்ட கப்பல். 365 மீட்டர் நீளம், 20 தளம், 7 நீச்சல் குளம், தண்ணீரில் சறுக்கி விளையாட 6 சறுக்குப் பாதை. கடல் மேலே கப்பல், கப்பல் மேலே குளம், குளத்திலே மனுஷன்! பிரம்மாண்டம்தான். நான் மறுக்கவில்லை.

ஆனா தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சறுக்குவீங்க? என்னை மாதிரி ஐம்பது தாண்டினவங்க ஒரு தடவை சறுக்கினா, அடுத்த தடவை மேலே போக நாலு பேர் தூக்கணும்! (சிரிப்பு) ஆனால் சறுக்கினாலும் சறுக்காவிட்டாலும் ராத்திரி தூங்கணும், காலையிலே பாத்ரூம் போகணும், மூணு வேளை சாப்பிடணும். இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் ஏழு குளமும் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் தூக்கம். கப்பலில் பெரும்பாலும் விலை அதிகமான அறைகள் மேல்தளங்களில் இருக்கும். ஆனால் ஊஞ்சலைக் கவனித்துப் பாருங்கள். மேலே சங்கிலி மாட்டிய இடம் அசைவதில்லை. தள்ளித் தள்ளிப் போகப் போகத்தான் ஆட்டம் அதிகம். கப்பலுக்கும் அதே கணக்கு, ஆனால் தலைகீழாக. கீழ்த்தளத்தில், கப்பலின் நட்டநடுவில் ஆட்டம் குறைவு. உயரப் போகப் போக, முனைக்குப் போகப் போக ஆட்டம் கூடும். ஆக, குறைந்த காசு கொடுத்து ஜன்னல் இல்லாத நடு அறையை வாங்கியவர் குறட்டை விட்டுத் தூங்குகிறார். மேலே மாளிகை மாதிரி அறை வாங்கியவர், கடல் கொஞ்சம் பொங்கினால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! (கைதட்டல்)

அடுத்தது, எதிரணி நண்பர்கள் பேசக் கூச்சப்பட்ட விஷயம். நான் பேசுறேன். பாத்ரூம். ஒரே ஒரு பாத்ரூம் இருக்கிற வீட்டில் காலை ஏழு மணிக்கு என்ன நடக்கும்? 'சீக்கிரம் வாங்க! உள்ளே தூங்கிட்டீங்களா?' என்று ஒரு குரல். அந்தக் குரல் எங்கள் வீட்டில் என்னுடையது. உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் இப்போ டிவி பார்த்துக்கிட்டிருக்கார்! (சிரிப்பு)

டிஸ்னி கம்பெனி 1998-ல் 'டிஸ்னி மேஜிக்' என்ற தன் முதல் கப்பலை விட்டது. டிஸ்னி என்றால் நமக்கு மிக்கி மவுஸ்தான் ஞாபகம் வரும். ஆனால் குழந்தைகளோடு போன தாய்மார்கள் அந்தக் கப்பலில் எதை மெச்சினார்கள் தெரியுமா? பெரும்பாலான அறைகளில் கழிவறை தனி, குளியலறை தனி. இரண்டிலும் முகம் கழுவும் தொட்டி. குழந்தை குளிக்கும்போதே அப்பா பல் தேய்க்கலாம். சண்டையே கிடையாது! இதை யோசித்தவர் கட்டாயம் நாலு பேர் இருக்கிற வீட்டில் வளர்ந்தவராகத்தான் இருப்பார்.

நார்வீஜியன் கம்பெனியும் 2010-ல் விட்ட 'எபிக்' கப்பலில் இரண்டையும் பிரித்தது. அறைக்குள் நுழைகிற வழியில் இந்தப் பக்கம் கழிவறை, அந்தப் பக்கம் குளிக்கும் இடம், முகம் கழுவும் தொட்டி படுக்கை அறையிலேயே! ஒதுங்க இடமில்லையே என்று பலர் முகம் சுளித்தார்கள். பிரித்தால் மட்டும் போதுமா? மனுஷருக்கு மறைவும் வேணுமில்லையா?

ஆனால் நியாயம் நியாயம்தான். அதே எபிக் கப்பலில் அவர்கள் ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். தனியாக வருகிறவர்களுக்கென்றே 128 சின்ன அறைகள் கட்டினார்கள். ஒவ்வொன்றும் சுமார் 100 சதுர அடி. கப்பலில் அறைக்கு இரண்டு பேர் என்பதுதான் வழக்கமான கணக்கு. ஒற்றை ஆள் போனால் பக்கத்துக் கட்டிலில் படுக்காத ஆளுக்கும் சேர்த்துப் பணம் கட்டணும்! கணவனை இழந்த ஒரு பெண், கல்யாணம் செய்துகொள்ளாத ஓர் அண்ணன், இவர்களும் கடலைப் பார்க்க வேண்டாமா? 'நீ ஒற்றை ஆளானாலும் முழு ஆள்தான்' என்று சொல்லும் 100 சதுர அடி, எனக்கு ஏழு நீச்சல் குளத்தைவிடப் பெரியது. (கைதட்டல்)

சாப்பாட்டுக்கு வருவோம். குனார்டு கம்பெனியின் 'குயீன் மேரி 2', 2004 முதல் சவுத்தாம்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே போய்வருகிற கப்பல். சில ராத்திரிகளில் அதன் முக்கியமான சாப்பாட்டுக் கூடத்துக்குக் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு போகணும். நார்வீஜியன் அதற்கு நேர் எதிர். 2000-ல் அவர்கள் 'ஃப்ரீஸ்டைல்' என்று ஆரம்பித்தார்கள். இத்தனை மணிக்கு, இந்த மேஜையில், இந்த உடுப்பில் என்ற கட்டாயம் இல்லை. என் வீட்டுக்காரரை டை கட்டச் சொன்னால் பட்டினி கிடப்பார், சாப்பிட மாட்டார்! அவருக்கு நார்வீஜியன். ஆற அமரப் பெரிய நூலகத்தில் புத்தகம் படிக்கணும் என்பவருக்குக் குயீன் மேரி. நியூயார்க்கை நோக்கிப் போகும்போது பல ராத்திரிகள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் இலவசம்! இதைவிடப் பெரிய வசதி ஒரு குடும்பத் தலைவிக்கு உண்டா?

ஆகவே எந்தக் கம்பெனி உசத்தி என்று கேட்காதீர்கள். நம்ம வீட்டு அன்றாடத்துக்கு எது பொருந்தும் என்று கேளுங்கள். பெண் பார்க்கப் போனால் அழகை மட்டுமா பார்க்கிறோம்? 'நம்ம வீட்டுக்கு ஒத்துப்போகுமா' என்றுதானே பார்க்கிறோம்!

இன்னொரு செய்தி. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வந்துபோகும் பயணிகள் கப்பல்களுக்காக அந்நாட்டு அரசு 1975-ல் ஒரு சுகாதாரத் திட்டம் தொடங்கியது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து சமையற்கட்டு, குடிநீர், குளம் எல்லாவற்றையும் சோதித்து, நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். பாஸ் மார்க் எவ்வளவு தெரியுமா? 86! எங்கள் கல்லூரியில் பையன் 40 வாங்கினால் தெருவுக்கே மிட்டாய் கொடுக்கிறான். அங்கே 85 வாங்கினாலும் ஃபெயில்! நடன அரங்குக்கும் சூதாட்டக் கூடத்துக்கும் இந்தப் பரீட்சையில் மார்க் இல்லை ஐயா. பாத்திரம் கழுவுவதற்குத்தான் மார்க்.

ஆடம்பரமே பெரிது என்பவர்களுக்கு இப்போது ஒரு சம்பவம் சொல்கிறேன். 2013 பிப்ரவரி 10. மெக்சிகோ வளைகுடா. 'கார்னிவல் ட்ரையம்ஃப்' என்ற கப்பல். பயணிகளும் ஊழியர்களுமாக 4,200-க்கு மேற்பட்டவர்கள். எரிபொருள் குழாய் ஒன்று கசிந்து இயந்திர அறையில் தீப்பிடித்தது. தீயை அணைத்தார்கள், ஓர் உயிரும் போகவில்லை. ஆனால் மின்சாரம் போய்விட்டது. நம் வீட்டில் கரண்ட் போனால் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிச் சமாளித்துவிடலாம். கப்பல் கழிவறை அப்படியல்ல. கொஞ்சம் தண்ணீர்தான், மீதியைக் காற்றழுத்தத்தால் உறிஞ்சி இழுக்கிற அமைப்பு. மின்சாரம் இல்லாவிட்டால் உறிஞ்சாது. இதற்கு மேல் விவரிக்க வேண்டாம்; பல வீடுகளில் இப்போது சாப்பாட்டு நேரம்!

குளிர்சாதனம் இல்லை. அறைக்குள் படுக்க முடியவில்லை. மெத்தையைத் தூக்கிக்கொண்டு மேல்தளத்துக்கு வந்து திறந்த வெளியில் படுத்தார்கள். இழுவைப் படகுகள் இழுத்து இழுத்து, பிப்ரவரி 14 இரவு அலபாமாவின் மொபைல் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தன. நான் கேக்குறேன், அந்தக் கப்பலில் சூதாட்டக் கூடம் இல்லையா? இருந்தது. நாடக அரங்கு இல்லையா? இருந்தது. நீச்சல் குளம்? இருந்தது. எல்லாம் இருந்தது ஐயா! தண்ணீர் இழுக்கிற ஒரு கழிவறை இல்லை. அந்த நாட்களில் அங்கே ஒருவரிடம் போய், 'உனக்கு ஏழு நீச்சல் குளம் வேணுமா, ஒரு பாத்ரூம் வேணுமா' என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? எதிரணித் தலைவரே, நீங்களே சொல்லுங்கள்! (பலத்த கைதட்டல்)

கரைக்கு வந்த பயணிகள் பலர் கம்பெனியைத் திட்டினார்கள். ஆனால் ஊழியர்களை வாயார வாழ்த்தினார்கள். அங்கேதான் என் வாதத்தின் உயிர் இருக்கிறது. அன்றாட வசதி என்பது கட்டிலும் குழாயும் மட்டும் இல்லை. அதன் பின்னால் ஒரு மனுஷன் இருக்கிறான்.

என் மாமியாருக்கு 78 வயது, முழங்கால் வலி. அவரையும் அழைத்துக்கொண்டு ஒரு கப்பலில் போனோம். அறையைப் பார்த்துக்கொண்டவன் ஒரு பிலிப்பைன்ஸ் பையன். முதல் நாள் அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்ததைப் பார்த்திருக்கிறான். சாயந்திரம் பாத்ரூமில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்து உட்கார்ந்திருந்தது. நாங்கள் யாரும் கேட்கவில்லை. கட்டில் மேலே துண்டை மடித்து ஒரு யானையும் செய்து வைத்திருந்தான். மாமியார் அவனிடம் தமிழிலேயே சொன்னார்: 'யானை அழகா இருக்குடா கண்ணு. ஆனா அந்த ஸ்டூலுக்காகவே நீ நல்லா இருப்பே.' அவனுக்கு என்ன புரிந்ததோ, போனை எடுத்துத் தன் குழந்தையின் படத்தைக் காட்டினான். அது முதல் அடி எடுத்து வைத்ததையும் அவன் போனில்தான் பார்த்தானாம். நமக்கு வீடு மாதிரி இருக்கட்டும் என்று, அவன் தன் வீட்டை விட்டு வந்திருக்கிறான்.

கப்பல் தொழிலாளர்களுக்காக 2006-ல் ஓர் உலக உடன்படிக்கை செய்தார்கள். 2013 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. வாரத்துக்கு அதிகபட்சம் 72 மணி நேர வேலை, அல்லது குறைந்தபட்சம் 77 மணி நேர ஓய்வு என்று வரம்பு வைத்தது. 72 மணி நேரம் என்பதே அவர்களுக்குச் சலுகை! முடிந்த அளவுக்கு அவர்களுக்கு இன்டர்நெட் வசதியும் கொடுக்கணும் என்று ஒரு திருத்தம் 2024 டிசம்பரில்தான் அமலுக்கு வந்தது. கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது சறுக்குப் பாதையை எண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போன பிறகு, நம் படுக்கையை விரிக்கிறவரின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தமிழ் படித்தவள், தமிழில் முடிக்கிறேன். மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் கையில் அமுதசுரபி இருந்தது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். இன்றைக்குக் கப்பலில் வைக்கிற பஃபே மாதிரி! சாவக நாட்டுக்குப் போகிற கப்பலில் ஏறினான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் இரவில் போய்விட்டது. கையில் குறையாத உணவு. ஆனால் கொடுக்க ஓர் ஆள் இல்லை, வாங்க ஓர் ஆள் இல்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் துறந்தான். குறையாத பாத்திரம் நிறைவு தரவில்லை ஐயா. கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் சேர்ந்தால்தான் நிறைவு.

ஆடம்பரம் போட்டோவில் நிற்கும். அன்றாடம் உடம்பில் நிற்கும், மனசில் நிற்கும். எனவே நடுவர் அவர்களே, கப்பல் சுற்றுலாவில் மனநிறைவைத் தருவது அன்றாட வசதிகளே, அன்றாட வசதிகளே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.